காற்று எவ்வளவு சார்?

நெய்வேலியில் கார் டயர் தேய்ந்து சாவதில்லை, வயசாகிச் சாகிறது. டவுன்ஷிப்புக்குள் நமக்கு என்ன பெரிய ஓட்டம்? வீடு இருக்கிற வட்டத்திலிருந்து (எங்கள் ஊரில் பிளாக்குக்கு அதுதான் பெயர்) மெயின் பஜார், மெயின் பஜாரிலிருந்து வட்டம். கிருத்திகைக்கு வேலுடையான்பட்டு முருகன், பூசத்துக்கு வடலூர், ஜூலை பிறந்தால் புத்தகக் கண்காட்சி. மற்ற நாளெல்லாம் கார் மரத்தடியில் நின்று காக்கைகளின் அபிஷேகத்தை ஏற்றுக்கொண்டிருக்கும். அதனால்தான் எங்கள் ஊர் டயர்களைப் பார்த்தால், நாற்பதைத் தாண்டியும் தலைமுடி கொட்டாத மனிதர்கள் மாதிரி, பட்டனெல்லாம் அப்படியே இருக்கும்.

“புதுசாட்டம் இருக்கே சார், இதைப் போய் மாத்தறீங்களே!” என்றார் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். டயரின் பக்கச் சுவரை டார்ச் அடித்துக் காட்டினேன். கோடைக்கால ஏரி மாதிரி நெடுக வெடிப்பு. டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டம், அதற்குள் நாலு எண்: 2315. 2015ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் பிறந்தது என்று அர்த்தம். பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எப்படியிருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள். மனிதருக்கு ஐம்பத்தெட்டோ அறுபதோ, டயருக்குப் பத்து. அதற்குமேல் நீட்டிப்பு கேட்கக் கூடாது.

டயர் மாற்றப் போகிறேன் என்பதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். பஜாரில் டீக்கடையில் சொன்னேன். 1956இல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் ஏதாவதொரு அழுத்தத்தோடு மல்லுக்கட்டாத குடும்பம் குறைவு. நீராவி அழுத்தம், நிலத்தடி நீரின் அழுத்தம், யூனியன் அழுத்தம். அவர்கள் நடுவில் போய் “காற்று எவ்வளவு வைக்கிறது?” என்று கேட்டால் சும்மா இருப்பார்களா?

பாய்லரில் வேலை பார்க்கிறவர் முதலில் சிரித்தார். “முப்பத்திமூணு பி.எஸ்.ஐ.யா? ரெண்டேகால் கிலோ சொச்சம் வருது. நாங்க நூறு கிலோவுக்கு மேல பார்க்கறவங்க. இதெல்லாம் ஒரு பிரஷரா சார்?” சுரங்கத்துக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். “எங்க பக்கெட் வீல் மெஷினைப் பாருங்க, அவ்வளவு பெரிய உடம்பு, டயரே கிடையாது. கிராலர்லதான் நகருது. பஞ்சராவது ஒண்ணாவது!” யோசனை நல்லதுதான். எங்கள் குவார்ட்டர்ஸ் கேட் அகலம்தான் இடம் கொடுக்கவில்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர் மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “காத்து கெடக்கட்டும். நீங்க பார்க்கற கேஜை எப்ப காலிபரேட் பண்ணாங்க?” அன்று அங்கே பேசப்பட்டதில் உருப்படியானது இது ஒன்றுதான். ஒரே டயர் ஒரு பங்க்கில் 30 காட்டும், அடுத்த பங்க்கில் 34 காட்டும். சொந்தமாகச் சின்ன கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டால் பிழைத்தோம்.

துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் டயரைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்த ஜான் பாய்ட் டன்லப், தொழிலால் கால்நடை மருத்துவர். நம் எம்.ஆர்.எஃப். கம்பெனியை மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் தொடங்கியபோது செய்தது விளையாட்டு பலூன். காற்றடிக்கிற விஷயத்தில் பலூன்காரரைவிட அனுபவஸ்தர் யார்?

கடைக்குப் போனதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒரு சைஸ் பெருசா போட்டுடலாம் சார், வண்டி கெத்தா நிக்கும்” என்றார். என் டயரில் எழுதியிருந்தது 165/80 ஆர்14 85டி. அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். ‘டி’ என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். வட்டத்துக்கு வட்டம் வேகத்தடை இருக்கிற ஊரில் இந்தக் கடைசி எழுத்து எனக்கு அளிக்கப்பட்ட கௌரவப் பட்டம். ஆனாலும் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. சைஸ் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், மைலேஜும் குறையும். கெத்துக்கு ஆசைப்படுகிற வயசும் இல்லை. அதே சைஸ் போதும் என்றேன். அவர் முகம் லேசாகக் காற்றிறங்கியது.

நாலையும் மாற்ற வசதிப்படாமல் இரண்டு மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். புதுசு பின்னால் போகவேண்டும். “முன்சக்கரம்தானே சார் இழுக்குது, முன்னாடி போடுங்க” என்று ஊரே சொல்லும். மழைத் தண்ணீரில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும்.

அடுத்தது நைட்ரஜன். சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பாக்கி இருபத்திரண்டுக்குத்தான் தனியாகக் காசு. ஈரம் இருக்காது, கொஞ்சம் மெதுவாகக் கசியும் என்பது வாஸ்தவம். பந்தயக் காருக்கும் விமானத்துக்கும் தேவைதான். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் புறப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், எனக்குப் பண்ருட்டி வரைக்கும்தான் வேலை.

பண்ருட்டி என்றதும் கோடை ஞாபகம் வருகிறது. கத்திரி வெயிலில் எல்லா ஊரிலும் ஒரு வேதவாக்கு உண்டு: “வெயில் காலம் சார், காத்த கொறைச்சே வைங்க, இல்லேன்னா வெடிச்சிடும்.” உள்ளது நேர் எதிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. அந்த நெளிவில்தான் சூடேறுகிறது, வெடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். பள்ளத்தில் விழுந்தால் பக்கச் சுவரில் கொப்புளம் கிளம்புவதும் இளைத்த டயருக்கே சீக்கிரம்.

விக்கிரவாண்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்து, சூடாறாமல் பங்க்கில் நிறுத்தினேன் என்று வையுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். மெஷின் 37 காட்டும். பையன் கடமையுணர்ச்சியோடு புஸ்ஸென்று இறக்கி 33 ஆக்கிவிடுவான். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 29. காற்று பார்க்கிற நேரம் காலையில், வண்டி ஓடும் முன். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

சரி, எத்தனைதான் வைப்பது? டயரின் பக்கச் சுவரில் இருக்கிற எண் அது தாங்கும் உச்சம், நமக்கு அல்ல. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு என்று கம்பெனிக்காரன் அச்சடித்தே கொடுத்திருக்கிறான். பாய்லர்காரர் வண்டியிலும் அது இருக்கிறது, சுரங்கத்துக்காரர் வண்டியிலும் இருக்கிறது. இருவரும் தினம் அதை உரசிக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்கள். சீசனில் மாமனார் வீட்டுக்கு என்று குடும்பத்தோடு பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மூன்றாவது வரியைப் படிக்கவேண்டும். பண்ருட்டிப் பலாவில் ஒன்றிரண்டு பின்சீட்டில் ஏறினால் இன்னொரு ஆள் உட்கார்ந்த கணக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நாலு டயருக்கும் ஸ்டிக்கர்படி காற்று பிடிப்பீர்கள், தெரியும். டிக்கியில் கோணிப்பை, குடை, பழைய பேப்பர், தேங்காய் இவற்றுக்கெல்லாம் அடியில் ஐந்தாவதாக ஒருவர் படுத்திருக்கிறார். நாளைக் காலையில் ஸ்டெப்னியை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். காற்று இருக்காது.