கடைசியாப் பேசு, பேராண்டி

ஏலே பேராண்டி, மூஞ்சியத் தூக்கி வைக்காத. குற்றாலச் சாரல் விடாம அடிக்கி, வெளிய தலை காட்ட முடியல, நீயும் தங்கச்சியும் 'மேஜிக்' சீட்டு ஆடுதீக. நல்லது. சின்னவ ஒன்னைய மண்ணைக் கவ்வ வச்சிட்டா. அதுவும் நல்லதுதான். ஆனா "விதியே தப்பு"ன்னு கத்துதியே, அதுக்குத்தான் சிரிப்பு வருது. 1993-ல வெளிவந்த இந்த ஆட்டத்தை உண்டாக்குன ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணக்குல டாக்டர் பட்டம் வாங்குனவரு. நீ ஏழாம் வாய்ப்பாட்டுக்கே வெரலை மடக்குதவன்.

நடந்ததைப் பாரு. ஒங்கிட்ட ரெண்டுக்கு ரெண்டு பலத்துல ஒரு கரடி. அது மேல 'ஜெயன்ட் க்ரோத்' விட்ட. அஞ்சுக்கு அஞ்சா ஊதிரும்னு ஆசை. அவ வாயே தொறக்காம அதே கரடி மேல 'லைட்னிங் போல்ட்'டை எறிஞ்சா. மூணு அடி. இதுல விடுத சீட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கா ஏறும், கடைசியா விழுந்த சீட்டுதான் மொதல்ல பலிக்கும். 1999-ல இருந்து அந்த அடுக்குக்கு 'ஸ்டாக்'னு பேரு. இடி விழுந்துச்சு, கரடி செத்துச்சு. பெறவு ஒன் மந்திரம் வந்து பாத்தா ஆளைக் காணும். குறி வச்சதுல ஒண்ணும் மிஞ்சலைன்னா மந்திரம் பலிக்காது, நேரா 'கிரேவ்யார்டு'ங்கிற கழிவுக் குவியலுக்குத்தான். பக்கத்துல நிக்க வேற மிருகத்துக்கு மாத்தி விடவும் முடியாது. நிலச் சீட்டைச் சாச்சு எடுத்துச் செலவழிச்ச மந்திர சக்தி, அந்த மனாவும் திரும்பாது. எண்ணெய் தேச்சிக்கிட்டு மெயினருவிக்குப் போறவனை வெள்ளம்னு போலீஸ் மறிச்சா, மசாஜ்காரன் காசைத் திருப்பியா குடுக்கான்?

சாகணும்னுகூட இல்லலே. குறியைச் சீட்டு விடும்போது ஒருக்கா, பலிக்கும்போது ஒருக்கா பாப்பாக. நடுவுல கரடிக்கு 'ஹெக்ஸ்ப்ரூஃப்', அதான் எதிராளி குறி வைக்க முடியாத காப்பு, குடுத்துட்டேன்னு வையி, அது உசுரோட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும், அவ போல்ட்டு வீணு.

ரெண்டு குறி வச்சா கதை வேற. 'எலக்ட்ரோலைஸ்' ரெண்டு அடியை ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுக்கும், ஒரு சீட்டும் எடுத்துக்கச் சொல்லும். ஒருத்தன் தப்பிச்சாலும் மத்தவனுக்கு அடி உண்டு, ஒனக்குச் சீட்டும் உண்டு. ரெண்டு பேருமே போயிட்டா அந்தச் சீட்டும் போச்சு. 'ராத் ஆஃப் காட்' இருக்கு பாரு, அதுதான் பெரிய மனுசன். யாரையும் குறி வைக்காது, கெடக்க மிருகத்தையெல்லாம் வழிச்சுப் போட்டுரும். அதுகிட்ட ஹெக்ஸ்ப்ரூஃப் ஜம்பமெல்லாம் செல்லாது.

இப்பம் கெழவன் சொல்லுத புத்தியக் கேளு. அவ நிலச் சீட்டு எல்லாம் சாஞ்சு கெடக்கான்னு பாத்துட்டுக் கையத் தொற. இல்லையா, பைய இரு. அவ மொதல்ல போல்ட்டை விடட்டும். அது மேல நீ ஜெயன்ட் க்ரோத்தை வையி. ஒன்னோடது மொதல்ல பலிச்சு கரடி அஞ்சாயிரும். மூணு அடி அதுக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி. மொதல்ல வாயத் தொறந்தவன் தோத்தான். ஒங்கப்பனும் வயல் பேரத்துல மொதல்ல வெலையச் சொல்லுத ஆளுதான். ரத்தம் எங்க போவும்?

போ, திரும்ப ஆடு, பந்தயம் வச்சே ஆடு. நீ ஜெயிச்சா எனக்குப் பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் கோழியும். அவ ஜெயிச்சாலும் எனக்குப் புரோட்டாவும் கோழியும். முழிக்காத, நான் யாரையும் குறி வைக்கலையே!