பேரு திருவாதிரை, நாளு திருவாதிரை

திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு குழந்தைக்குப் பேர் வருவதற்கு முன்பே நட்சத்திரம் வந்துவிடும். மகாதேவர் கோயிலில் வழிபாட்டு ரசீது எழுதுகிறவர் "பேரு? நாளு?" என்று இரண்டே கேள்விதான் கேட்பார். ஆதார் எண்ணை மறந்தவர்கள் எங்கள் அக்கிரகாரத்தில் நிறைய உண்டு. நாளை மறந்தவர் ஒருவரும் இல்லை. எனக்குத் திருவாதிரை. பாட்டிக்கு ரோகிணி. இரண்டு சாரியிலும் உள்ள அத்தனை வீடுகளின் நட்சத்திரமும் பாட்டிக்கு மனப்பாடம், யாருக்கு யாரோடு பொருந்தாது என்பது உள்பட.

ஊரே அப்படித்தான். சுவாதி, உத்திரம், ஆயில்யம், விசாகம், மூலம், சித்திரை என்று திருவிதாங்கூர் மகாராஜாக்களை வரிசையாகச் சொன்னால் வாத்தியார் நடத்துவது சரித்திரமா வானியலா என்று சந்தேகம் வரும். இத்தனை நட்சத்திரத்தை நாக்கில் வைத்திருக்கிற ஊரில், ஒன்றையாவது அண்ணாந்து பார்த்து "இது இன்னது" என்று சொல்லத் தெரிந்த ஆள் எனக்கு 20 வயதுவரை அகப்படவில்லை. நானும் தேடவில்லை. சாலைக் கம்போளத்துக் கூட்டத்தில் கீழே பார்த்து நடப்பதே பெரிய பாடு.

தேட நேர்ந்தது 2019-ல், பி.காம். ஐந்தாம் செமஸ்டரில். அந்த செமஸ்டரில் சொந்தத் துறையை விட்டு வேறு துறையில் ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும். ஓப்பன் கோர்ஸ் என்று பேர். நான் போய்ச் சேர்ந்தபோது சுலபமானவை எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்ததில் வானியல் அறிமுகம்தான் பார்க்க சாதுவாக இருந்தது. நட்சத்திரம்தானே, நம் வீட்டுச் சமாசாரம் என்று கையெழுத்துப் போட்டேன்.

பாட்டிக்கு ஏக சந்தோஷம்.

"ஜோஸ்யமாடா கோந்தே படிக்கப்போறாய்? நன்னாயிருக்கும். ஆடிட்டரைவிட இப்போ அவாளுக்காக்கும் வருமானம்."

"ஜோஸ்யம் இல்லை பாட்டி. இது வேற."

"வேறயா? ராகுகாலம் பார்க்கச் சொல்லித்தருவாளோ?"

"மாட்டா."

"பின்னே எதுக்காக்கும் ஃபீஸ் கட்டறது?"

அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் தெரியவில்லை. முதல் வகுப்பு முடிந்தபோது அதே கேள்வியை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு எண் உண்டு என்றார் டீச்சர். சரி. எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்றார். அங்கேதான் என் பி.காம். மூளை முரண்டு பிடித்தது. வெறும் கண்ணுக்குத் தட்டுப்படும் கடைசி மங்கல் நட்சத்திரத்துக்கு 6. சிரியஸுக்கு மைனஸ் 1.46. முழுநிலாவுக்கு மைனஸ் 12.7. சூரியனுக்கு மைனஸ் 26.7. மைனஸ் என்றால் நஷ்டம் என்று இரண்டு வருஷம் படித்தவன் நான். இந்தக் கணக்குப்படி சூரியன் எப்போதோ மஞ்சள் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும்.

பாட்டிதான் தீர்த்துவைத்தாள். "ஃபஸ்ட் ராங்க், செகண்ட் ராங்க் மாதிரியாக்கும். ஆறாவது ராங்க் வாங்கினவன் மக்கு." உண்மையில் பழைய கிரேக்கர்கள் செய்ததும் அதுதான்: ஒன்றாம் தரம் முதல் ஆறாம் தரம் வரை. அதோடு விட்டிருந்தால் நானும் பிழைத்திருப்பேன். 1856-ல் நார்மன் போக்சன் என்று ஒரு ஆங்கிலேயர், ஐந்து தரம் என்றால் நூறு மடங்கு, ஆகவே ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று கறாராகக் கணக்கு வைத்தார். அந்த மனிதர் 1861-ல் சென்னை நுங்கம்பாக்கத்து வானோக்கு நிலையத்துக்கு வந்து, 1891-ல் கண்மூடும்வரை அங்கேதான் இருந்தார் என்பது எனக்குப் பரீட்சை முடிந்த பிறகே தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால், நம் பக்கத்து மனிதராயிற்றே என்று கொஞ்சம் மரியாதையோடு தப்புப் பண்ணியிருப்பேன்.

ஆனால் இந்தப் பாடத்தின் உண்மையான இடைஞ்சல் கணக்கு அல்ல, மழை. ஐந்தாம் செமஸ்டர் ஜூனில் தொடங்கும். எடவப்பாதியும் அதே ஜூனில் தொடங்கும். அது ஓய்ந்து உட்காருவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். செமஸ்டரும் அதோடு முடியும். வானம் பார்க்க ராத்திரி வரச்சொல்லி நான்கு முறை அறிவிப்பு ஒட்டினார்கள். நான்கு முறையும் குடையோடு போய்க் குடையோடு திரும்பினோம். தொலைநோக்கியை அதன் பெட்டியில் வைத்தே காண்பித்தார்கள். அழகான பெட்டி.

இதில் திருவனந்தபுரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் இங்கே ஒரு குன்றின்மேல் வானோக்கு நிலையம் கட்டினார். நட்சத்திர பங்களா என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள். தன் பேரிலேயே நட்சத்திரத்தை வைத்திருந்த ராஜா கட்டாமல் வேறு யார் கட்டுவார்? அதற்கு முதல் தலைவரான ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வியாபார ஏஜென்டாக இருந்தவர். வணிகத்திலிருந்து வானத்துக்குத் தாவியவர் என்ற முறையில் அவரை நான் என் சீனியராக மதிக்கிறேன். அவருக்குப் பின் 1852-ல் வந்த ஜான் ஆலன் பிரௌன் மேலே பார்ப்பதைவிட பூமியின் காந்தத்தை அளப்பதில் பேர் வாங்கினார். அதற்காக அகஸ்தியர் மலை உச்சிக்கே கருவிகளைக் கொண்டுபோனார். அந்தக் குன்றில் இன்று வானிலை அலுவலகம் இருக்கிறது. நட்சத்திரம் பார்க்க எடுத்த இடத்தில் உட்கார்ந்து, இன்று மழை உண்டா என்று சொல்கிறார்கள். ஊரின் சுபாவம் தெரிந்து செய்த ஏற்பாடு.

ஜூலையில் ஒரு அசைன்மென்ட் வந்தது. 17-ஆம் தேதி அதிகாலையில் சந்திர கிரகணம். அதன் நடுப்பொழுதை நாங்களே கணக்கிட வேண்டும். வலியசாலைக்காரனுக்கு இது மானப் பிரச்சினை. ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விச்சாலை எங்கள் கோயிலை ஒட்டித்தான் இருந்தது என்பார்கள். அவன் அங்கே கலம் அறுத்ததாகக் கல்வெட்டு பேசுகிறது. கலம் என்றால் கப்பல் என்று ஒரு கட்சி, சாப்பாட்டுக் கலம் என்று இன்னொரு கட்சி. ஹாஸ்டலில் இருக்கும் என் நண்பர்கள் எல்லாரும் இரண்டாவது கட்சி. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே ஒரு மெஸ்ஸை மூடியிருக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

சயன்டிஃபிக் கால்குலேட்டர் சகிதம் நான் இரண்டு ராத்திரி உழைத்தேன். என் கணக்கில் கிரகணத்தின் நடுப்பொழுது காலை 11 மணி. அந்த நேரத்தில் திருவனந்தபுரத்தில் சந்திரனே கிடையாது. உண்மையில் அது விடியற்காலம் 3 மணி. டீச்சர் என் தாளைத் திருப்பித் தரும்போது ஒரு கதை சொன்னார். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்குப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனத்திலிருந்தே சொல்லிச் சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினாராம். வாரன் அதை 1825-ல் அச்சான தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். ஆரம்பத்தில் 4 நிமிஷம், நடுப்பொழுதில் 23 நிமிஷம்தான் பிசகு. எனக்கு 8 மணி நேரம். "மோனே, அடுத்த தடவை சோழி வாங்கிப் பாரு" என்றார் டீச்சர். கிரகணத்தன்று விழித்திருந்து பார்த்தேன். எங்கள் தெருவுக்கு மேலே மேகம்.

ஆக, ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்காமல் வானியல் பரீட்சை எழுதினேன். நீரில் இறங்காமல் தபாலில் நீச்சல் கற்றவனைப் போல.

வானம் வெளுத்தது டிசம்பரில்தான். அப்போது பார்த்து உலகம் முழுக்க ஒரு செய்தி: திருவாதிரை மங்குகிறது. இதைத்தான் மேல்நாட்டில் பெட்டல்ஜூஸ் என்கிறார்கள். ஒளி ஏறி இறங்குகிற ஜாதி நட்சத்திரம்தான். ஆனால் இந்த அளவு மங்கி யாரும் பார்த்ததில்லை. வெடிக்கப்போகிறதோ என்றுகூடப் பேச்சு. இருபது வருஷமாக ஒருநாளும் ஏறிட்டுப் பாராத என் நட்சத்திரம், நான் பார்க்கப் போகிற நேரம் பார்த்து உடம்புக்கு வந்து கிடக்கிறது.

2020 ஜனவரி 10, மார்கழித் திருவாதிரை. காலையில் களியும் கூட்டும். ராத்திரி பாட்டியைக் கைப்பிடித்துப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினேன். கிழக்கே தென்னை மட்டைகளுக்கு மேலே, முழுநிலாவுக்குச் சற்று உயரத்தில், சிவப்பாக ஒரு புள்ளி. அதற்கும் மேலே இன்னொரு சிவப்பு, அதைவிடப் பளிச்சென்று.

"ரெண்டுல எதுடா உன்னோடது?"

"கீழே இருக்கறது. மேலே இருக்கறது ரோகிணி, உன்னோடது."

பாட்டி வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். எழுபத்தெட்டு வயதில் தன் நட்சத்திரத்தை அன்றுதான் பார்க்கிறாள். "என்னோடதாக்கும் ஜாஸ்தி வெளிச்சம்" என்றாள் கடைசியில். வழக்கமாக அப்படி இல்லை என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனாள்.

"பேரு?"

"திருவாதிரை."

"நாளு?"

"திருவாதிரை."

எழுதுகிறவர் நிமிரக்கூட இல்லை. கிழித்துக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி நடுவில் திருவாதிரை மங்கலின் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, மெல்ல ஏற ஆரம்பித்தது. சில மாதத்தில் பழைய பிரகாசம். அது கக்கிய பொருள் தூசியாகி முன்னால் வந்து மறைத்ததுதான் காரணம் என்று பிறகு விஞ்ஞானிகள் சொன்னார்கள். அங்கேயும் மேகம்தான்! பாட்டி தன் அர்ச்சனைதான் காரணம் என்றாள். அந்த ஒளி நம்மிடம் வந்து சேர 500 வருஷத்துக்கு மேல் ஆகும், நாம் பார்த்த மங்கல் எல்லாம் என்றைக்கோ நடந்து முடிந்தது என்று படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்.

பாட்டி யோசித்தாள். "அப்போ உன் ஜாதகத்துக்கு ஒரு தோஷமும் இல்லை. அது மங்கினப்போ நீ பொறக்கவே இல்லையே."

வானியலில் எனக்கு பி கிரேடு. ரசீது பாட்டியின் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.