மூணு சொல்லுமுன் ஊற்றலாமா? தலைக்குத் தண்ணீர் வார்க்கையில் எழும் அச்சம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மூன்று வயதுப் பேரன் கழுத்துவரை தண்ணீரோடு சமாதானமாகவே இருக்கிறான். தரையில் தேங்கியதைக் காலால் அடிக்கிறான். வாளிக்குள் கையை விட்டுக் கலக்குகிறான். அதே தண்ணீரைச் சொம்பில் மொண்டு தலைக்கு மேலே தூக்கினால் தெருக்கோடி வரை கேட்க அலறுகிறான். ஆகவே அவன் அஞ்சுவது தண்ணீருக்கு அன்று. அது கேட்காமல் வந்து விழுவதற்கே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வு எல்லை: ஒரு குளியலறை, ஒரு வாளி, ஒரு சொம்பு, ஒரு பாட்டி. நல்லெண்ணெயும் சீயக்காயும் கூடும் சனிக்கிழமைத் தரவுகள் விலக்கப்பட்டன. அவற்றைச் சேர்த்தால் சராசரி தாங்காது.

1. முன்னோர் கண்டவை

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பட்டியலில் தண்ணீர் இல்லை. நூலில் விடுபட்டதோ என ஐயுற்றுக் குளியலறையில் சரிபார்த்தோம். அணங்கு உண்டு, சாக்கடைத் துளைக்குள் பூச்சாண்டி இருப்பதாகச் சித்தப்பா சொல்லிவைத்திருக்கிறார். விலங்கு உண்டு, ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி. இறை உண்டு, சொம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்.

கள்வரைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லித்தான்டா தங்கம் ஊத்துவேன்" என்று பாட்டி வாக்குக் கொடுக்கிறார். பேரன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, மூணுக்கு மூச்சை அடக்கலாம் என்று காத்திருக்கிறான். பாட்டி "ரெண்டு"லேயே ஊற்றிவிடுகிறார். தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறுகிறது. அவனுக்குச் சேரவேண்டிய "மூணு" பட்டப்பகலில் களவு போகிறது. இறையும் கள்வரும் ஒரே ஆளாக அமையும் இந்நிலை இலக்கணத்தில் தனியே கூறப்படவில்லை.

மேலைநாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதினார். பிடித்த தின்பண்டத்தை அவன் தின்றுகொண்டிருக்கும்போது முயலை எட்டத்தில் வைத்து, அவன் பொறுக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார்கள். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் கூட இருக்கவைத்தார்கள். முடிவில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். எந்தக் கட்டத்திலும் முயலைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கவில்லை என்பதை நம் வீட்டார் குறித்துக்கொள்வது நலம்.

2. மாற்றுக் கொள்கைகளும் மறுப்பும்

அ. கிணற்றுக் கொள்கை. தாய்மாமன்மார் இதன் ஆசிரியர்கள். "தூக்கிப் போட்டா தன்னால நீந்திடுவான்" என்பது நூற்பா. பிழைத்து வந்தவர்கள் மட்டுமே சாட்சி சொல்ல இருப்பதால் தள்ளுபடி. அந்தக் கிணறுகளிலேயே முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, படிப்படியாக இறக்கிப் பழக்கிய பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு மருமகப் பிள்ளைகள்மேல் கோபம் இல்லை போலும்.

ஆ. எரியாக் கொள்கை. "கண்ணை மூடிக்கோ, எரியாது." கண்ணீரின் பிஎச் அளவு சுமார் 7.4, சாதாரணச் சோப்புக்கு 9 முதல் 10 வரை. இறுக்க மூடிய இமைக்கும் ஓரம் உண்டு. எரியும்.

3. செய்முறை

பாட்டி சொம்பைப் பேரனிடம் கொடுத்தார். அவன் முதலில் பாட்டியின் பாதத்தில் ஊற்றினான். பிறகு தன் முழங்காலில், பிறகு தோளில். உச்சந்தலைக்கு வர அவசரப்படுத்தவில்லை. முழங்கையால் சூடு பார்த்த வெந்நீர், நெற்றியோரம் பிடிக்க மடித்த துண்டு ஆகியவை துணைக்கருவிகள். "பல்லி இருக்கா பாரு" என்றதும் அவன் சந்தேகத்தோடு அண்ணாந்தான். "ஊத்தலாமா?" என்று கேட்டு, தலையசைத்த பிறகே ஊற்றினார். அண்ணாந்திருந்ததால் தண்ணீர் முகத்துக்கு வராமல் பின்னந்தலை வழியே வடிந்தது. விலங்கச்சம் நீரச்சத்துக்கு மருந்தான இச்செய்தி தனி ஆய்வுக்கு உரியது.

பயம் தெளிந்த பிள்ளைக்குத்தான் காவல் கூடுதலாக வேண்டும். வாளியில் தலைகுப்புற விழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது. செல்போன் அடித்தாலும் பாட்டி எழக் கூடாது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

4. முடிவு

"மூணு" என்றால் மூணுதான் என்று வீட்டார் அனைவரும் ஏற்க வேண்டும். ஆனால் இதைக் குளியலறையில் மட்டும் அமல்படுத்திப் பயனில்லை. "ஊசி வலிக்கவே வலிக்காது", "அம்மா கடைக்குப் போயிட்டு இப்ப வந்துடுவா" ஆகியவையும் அவன் மனத்தில் ஒரே பேரேட்டில்தான் பற்றாகின்றன. அந்தப் பாக்கியைத் தீர்க்கும்வரை எந்தச் சொம்பும் அவனுக்கு ஐயத்துக்கு உரியதே.