தணிக்கையாளர் வருகிறார், வழிவிடுங்கள்!

ஷா ஆலம், செத்தியா ஆலம் பேரங்காடியில் தொங்கும் சட்டைகளுக்கு நம்மைவிட ஒழுக்கம் அதிகம். விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பச்சை அட்டை: ‘பொறுப்புடன் தயாரித்தது.’ யாருடைய பொறுப்பு என்று கேட்காதீர்கள். தணிக்கை முடிந்துவிட்டது.

கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கும் 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சான்றிதழுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அது வழங்கியவரின் கோப்பில் பத்திரமாக இருந்தது.

கராச்சிவரை எதற்கு? இதே செத்தியா ஆலத்தில்தான் கையுறை தயாரிக்கும் டாப் குளோவ் நிறுவனத்தின் தலைமையகம். கையுறையும் உடுப்புத்தானே! ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வாங்கிய கடனை அடைக்க நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் ஓவர்டைமில் தேய்கிறார்கள் என்று 2018 டிசம்பரிலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2019 முதல் வருவோருக்குக் கட்டணமில்லை என்றது நிறுவனம். அதற்கு முன் கட்டியவர்கள்? அவர்கள் கையுறை செய்துகொண்டிருந்தார்கள்.

2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில், டாப் குளோவ் சரக்கை மறித்தது. அடுத்த மாதமே ஞானம் பிறந்தது: பணத்தைத் திருப்பித் தருகிறோம்! மொத்தம் 136 மில்லியன் ரிங்கிட். 2021 நிதியாண்டின் லாபமோ 7 பில்லியனுக்கும் மேல். இடையில், 2020 நவம்பரில், விடுதிகளில் கோவிட் பரவி ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தொற்றுக்கு ஆளானார்கள். உலகத்தைக் கிருமியிலிருந்து காத்தவர்களுக்குக் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லை.

இந்த செத்தியா ஆலம் ஒருகாலத்தில் நார்த் ஹம்மோக் தோட்டம். அந்நாளில் நம் பாட்டன்மாரை மலாயா தோட்டங்களுக்குக் கப்பலேற்றிய கங்காணியும் முன்பணக் கடனோடுதான் ஏற்றினான். பாவம், அவனுக்கு ‘நிலைத்தன்மை அறிக்கை’ எழுதித் தர ஆளில்லை. அந்தப் பாட்டனின் பேரன்தான் இன்று வங்காளதேசியைப் பார்த்து ‘பங்ளா’ என்று முகம் சுளிக்கிறான்.

தணிக்கையாளர் ஐயா, உங்கள் படிவத்தில் தீயணைப்பான் எண்ணிக்கை இருக்கிறது, கழிவறை எண்ணிக்கை இருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி சேருங்கள்: ‘தம்பி, இந்த வேலைக்கு வர எவ்வளவு கட்டினாய்?’ கேட்கும்போது மேலாளரை மட்டும் வெளியே அனுப்புங்கள். அவர் போய் உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பிடிக்கட்டும்.