ஜெனரேட்டருக்கு ஒரு ஜிபி

அப்பா வைத்துவிட்டுப்போன கேசட்டுகளைக் கணினியில் ஏற்றப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தது தை மாதம். எந்த வடிவத்தில் ஏற்றுவது என்று முடிவுக்கு வந்தது ஆடியில். நடுவில் ஆறு மாதம் ஒரு கேசட்டும் ஓடவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

படித்தது இவ்வளவுதான். எம்பி3, காதுக்கு எட்டாது என்று தானாக நினைத்துக்கொள்கிற ஒலியைக் கழித்துவிட்டுக் கோப்பைச் சிறிதாக்கும். கழித்தது திரும்பாது. ஃபிளாக் அப்படியில்லை. ஜமக்காளத்தை இறுக்கிச் சுருட்டிப் பரணில் போடுகிற மாதிரி. விரித்தால் ஒரு நூல் குறையாது. ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி 2001இல் வெளியிட்டார். இலவசம். ஆப்பிள்காரர்கள் 2004இல் அலாக் என்று தங்களுக்குத் தனியாக ஒன்று செய்துகொண்டு, 2011இல்தான் அதைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். வேவ் சுருட்டவே சுருட்டாது; சிடி தரத்தில் நிமிடத்துக்குப் பத்து எம்பி போலப் பிடிக்கும். ஃபிளாக் அதைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து நிறுத்தும். பத்து நிமிடத்தில் தீர்கிற விஷயம்.

நான் ஃபிளாக்கின் சுருக்க நிலைகளில் போய் மாட்டிக்கொண்டேன். 0 முதல் 8 வரை உண்டு. எட்டுதான் உசத்தி என்று நானே தீர்மானித்து, “எட்டுல கேட்டுப் பாருங்க, அதுல ஒரு தனி கனம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். எந்த நிலையில் சுருட்டினாலும் விரித்தால் வருவது அதே ஒலிதான், மாறுவது சுருட்டும் நேரமும் கோப்பின் அளவும் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. சொன்னவர்களிடம் திரும்பப் போய்த் திருத்தவில்லை.

அடுத்தது இன்னும் கேவலம். என்னிடமிருந்த பழைய எம்பி3 பாட்டுகளை எல்லாம் ஃபிளாக்காக மாற்றினேன். ஐந்து எம்பி பாட்டு முப்பது எம்பி ஆனது. ஒலியும் கூடவே வளர்ந்துவிட்டதாகக் காது சத்தியம் செய்தது. மச்சினனை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். “அருமை மச்சான்” என்றான். அவன் என்னிடம் கைமாற்று வாங்கியிருந்த சமயம் அது. மகள்தான் விவரம். திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, எது எம்பி3, எது ஃபிளாக் என்று பத்துத் தடவை கேட்டாள். நான்கு சரி. காசைச் சுண்டியிருந்தால் ஐந்து வந்திருக்கும். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றி வைத்திருந்திருக்கிறேன்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் ஊர் இந்தப் புதுக்கோட்டை. கஞ்சிராவின் வெட்டுச் சொல்லை மட்டமான எம்பி3 மழுங்கடித்துவிடும். அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் ஒன்று கசிந்துவிடும். ஊர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அப்பாவின் கேசட்டுகளில் கஞ்சிராவே இல்லை.

ஒருவழியாக முதல் கேசட்டை ஏற்றினேன். அட்டையில் அப்பா கையெழுத்தில், “திருவப்பூர், மாசி. நல்ல கூட்டம்.” மாரியம்மன் கோயில் திருவிழாவில் சின்ன டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பிடித்தது. நான் சிடி தரம் போதாதென்று 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். ஏ பக்கம் முப்பது நிமிடம், வேவில் ஒரு ஜிபி. முன்னால் ஜெனரேட்டர், அதற்குப் பின்னால் பலூன்காரன் ஊதல், எங்கோ தூரத்தில் நாகசுரம். ஃபிளாக்கில் போட்டும் பெரிதாகச் சுருங்கவில்லை. நாடாவின் இரைச்சலில் ஒழுங்கு கிடையாது. ஒழுங்கில்லாததைச் சுருட்ட முடியாது. ஜெனரேட்டரில் ஒரு துளி குறையவில்லை.

கோப்புக்கு விவரம் எழுத உட்கார்ந்தேன். ஃபிளாக்கில் தமிழிலேயே எழுதலாம். இடம், மாதம் எழுதியாயிற்று. கலைஞர் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். வாசிப்பது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். இருந்தவரை நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசைக் கல்வெட்டைப் பார்க்கக் குடுமியான்மலைக்குப் போனேன். 20 கிலோமீட்டர்தான். மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் 38 வரிகள், ஏழாம் நூற்றாண்டு கிரந்த எழுத்து. ஏழு ராகங்களுக்கான ஸ்வரங்களை நந்நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரம் நான்கு உயிரெழுத்துகளில் வருகிறது. அந்த நான்கும் எதைக் குறிக்கின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 1904இல் கண்டுபிடித்தார்கள், பிறகு பதிப்பித்தும் ஆயிற்று. எழுத்து அப்படியே இருக்கிறது, அன்று பாடியபடி பாடத்தான் ஆளில்லை. மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கடைசியில் குறிப்பு உண்டு. செய்வித்த அரசன் தன்னை ருத்ராசாரியரின் சீடன் என்கிறான். தன் பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்மன் என்று சொல்வது பழைய வழக்கம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் கலைஞர் கட்டம் காலி. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

திரும்பி வந்து பி பக்கத்தைப் போட்டேன். நாகசுரக்காரர் பெயரை மைக்கில் அறிவிக்கிற மாதிரி ஒரு குரல் தொடங்கியது. அந்த இடத்தில் டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்தது. புதுக்கோட்டைப் பக்கம் பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றித் தருகிறவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.