ஒலியதிகாரம்: ஒட்டன்சத்திரத்து உரை

தொல்காப்பியர் மூன்று அதிகாரங்களோடு நிறுத்திக்கொண்டார். உயர்தெளிவு ஒலிக்கோப்பு கணினியில் ஓடாமல் திக்குவது பற்றி நான்காவதாக ஒன்றை அவர் எழுதாதது, அக்காலத்தில் யுஎஸ்பி துளை இல்லாமையால் என்று கொள்க. அக்குறையைத் திண்டுக்கல்-பழனி சாலை ஓரமாக, காய்கறி லாரிகளின் ஹாரனுக்கு நடுவே, இவ்வுரை நிரப்ப முயல்கிறது.

முதலில் அளவை. மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது. அதைக் கால் விநாடி என்று வைத்துக்கொண்டால், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒரு மாத்திரைக்குள் ஓசையை 48,000 முறை அளந்து வைக்கிறது. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரையே ஆதலால் 24,000 போதும். ஒவ்வோர் அளவும் 24 பிட்; இடம், வலம் என்று இரண்டு. சுருக்காமல் வைத்தால் ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 346 எம்பி பிடிக்கும். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, 44.1 கிலோஹெர்ட்ஸும் 16 பிட்டும் போதும் என்று இருந்துவிட்டது.

குற்றங்கள் மூவகைப்படும்: ஊமை, திக்கல், இரைச்சல். ஐயத்தையும் சேர்த்து நான்கு என்பாரும் உளர்.

ஊமையாவது, கோப்பு திறக்கும், கோடு நகரும், ஓசை மட்டும் வராது. டிஎஸ்டி வகைக் கோப்புகளில் இது மிகுதி. 1 பிட்டை விநாடிக்கு 28,22,400 முறை எழுதும் அந்த முறை சாதாரண பிளேயருக்குப் பிடிபடாது; அதற்கான செருகுநிரல் வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ் வரை பாடிவிட்டு 192-இல் வாய் மூடினால், பழைய யுஎஸ்பி ஆடியோ முறையின் எல்லை அவ்வளவே என்று அறிக. புதிய முறையை விண்டோஸ் தானாக உணரத் தொடங்கியது 2017-இல்தான். அதற்கு முந்திய பதிப்பு வைத்திருப்போர் டிரைவரைத் தனியே நிறுவுக.

திக்கலுக்குப் பழி கோப்பின்மேல் விழும். செய்தது பெரும்பாலும் வைஃபை டிரைவராக இருக்கும். வைஃபையை அணைத்துப் பார்க்கவும். பேட்டரி சேமிப்பை நீக்கவும். பென் டிரைவிலிருந்து நேரே ஓட்டாமல் வன்வட்டில் நகலெடுக்கவும். பஃபரைக் கூட்டவும். நான்குக்கும் அசையாத திக்கல் அரிது.

திக்காமல் பாடினாலும் 192 பாடுகிறது என்று பொருளன்று. விண்டோஸின் கலவைப் பகுதி எல்லா ஓசையையும் ஒரே அளவுக்கு மாற்றியே வெளியே அனுப்பும். ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் எந்த ஊர்த் தக்காளி இறங்கினாலும் கேரளத்துக்கு ஒரே அளவுப் பெட்டியில் ஏறுவதுபோல, அமைப்பில் 48 என்றிருந்தால் 192-உம் 48 ஆகிவிடும். இதைத் தவிர்க்க வாசாபி தனியுரிமை முறை உண்டு; பிளேயர் கலவைப் பகுதியைத் தாண்டி நேரே கருவியோடு பேசும். அப்போது கணினியின் மற்ற ஓசைகளுக்கு அந்தக் கருவியில் இடமில்லை. வாட்ஸ்அப்பில் தக்காளி விலை வந்தாலும் மணி அடிக்காது. இது குற்றமா குணமா என்பதில் வியாபாரிக்கும் ரசிகருக்கும் இன்றும் வழக்குண்டு.

இரைச்சலாவது 50 ஹெர்ட்ஸில் வரும் 'ம்ம்' என்னும் ஓசை. மகரக் குறுக்கம் அன்று. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுக. ஓசை நின்றால் கோளாறு பெரும்பாலும் எர்த்தில். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒடித்து இரண்டு துளையில் செருகும் வழக்கம் எந்த நூலிலும் விதிக்கப்படவில்லை.

இனி ஐயம்: இத்தனைக்கும் பிறகு வேறுபாடு கேட்குமா? மனிதச் செவியின் மேலெல்லை இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற அது இறங்கும். 192 கோப்போ 96 கிலோஹெர்ட்ஸ் வரை சுமக்கவல்லது. பழனிமலையில் அதை முழுதும் அனுபவிக்கத் தக்கவை பூச்சி தின்னும் வௌவால்களே. நம் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 20-ஐ ஒட்டி நின்றுவிடுவதால் அவற்றுக்கும் ஏமாற்றம்தான். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய மறைசோதனையில், உயர்தெளிவு ஓசையைச் சிடி அளவுக்குக் குறைத்தபோது கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். சரியாகச் சொன்னது 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்கள் கணிசமாகக் கூடச் சொன்னார்கள். காசைச் சுண்டினால் 50. எஞ்சிய 2.3-ஐ நம்பித்தான் தங்கமுலாம் கேபிள் விற்கிறது.

மூலப்பதிவிலும் ஒரு வழக்கு உண்டு. 'கந்தன் கருணை' 1967-இல் வந்த படம், பாட்டுகள் மோனோ. ஒரே ஓசையை இரண்டாக நகலெடுத்து 24 பிட் ஸ்டீரியோ என்று தருவாருண்டு. ஃபிளாக் சுருக்குமுறை மட்டும் இரண்டும் ஒன்றே என்று கண்டு, ஒன்றுக்குரிய இடத்திலேயே அடக்கிவிடும். வரிசையில் உண்மை தெரிந்தது அது ஒன்றுக்கே. எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றி விற்பதும் உண்டு. ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் அலைமாலைப் படம் பார்த்தால், தரம் குறைந்த எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தரிக்கப்பட்டிருப்பது தெரியும்.

தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் நாட்களில் இச்சோதனைகளைத் தவிர்க்க. சாலையில் கூம்பு ஒலிபெருக்கி பாடும்போது எல்லாக் கோப்பும் ஒன்றே. மற்ற நாட்களில், புதிய டிஏசி (எண்களை ஓசையாக்கும் கருவி) வாங்கும் எண்ணம் எழுந்தால், முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.