ராஃபிள்ஸ் போட்ட லேஅவுட்

சிங்கப்பூருக்கு டூர் போனவர்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வாசலில் கட்டாயம் ஒரு செல்ஃபி எடுத்திருப்பீர்கள். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் சைனாடவுன். வறுத்த வாத்து தொங்கும் கடைத்தெருவில் நம் மாரியாத்தாளுக்கு என்ன வேலை?

1822 அக்டோபரில், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த சர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மூன்றாவது முறையாக அங்கே வந்து இறங்கினார். (மூன்று விசிட்டையும் கூட்டினாலும் மனிதர் சிங்கப்பூரில் ஓராண்டுகூட இருந்ததில்லை. ஆனால் சிலை, ஹோட்டல், உலகத்திலேயே பெரிய பூ வரை அவர் பெயர்தான்!) ஊரைப் பார்த்ததும் பிபி எகிறிவிட்டது. ஊரை நிர்வகித்த ரெசிடென்ட் ஃபார்குவார், 'எங்கே இடமிருக்கோ கட்டிக்கோங்கப்பா' டைப். அரசாங்கத்துக்கு ஒதுக்கிய ஆற்றங்கரையில் வியாபாரிகள் ஜம்மென்று குடியேறியிருந்தார்கள். போதாக்குறைக்குச் சூதாட்டத்துக்கு லைசென்ஸ். பாவம், ஊரை நடத்த ஃபார்குவாருக்குக் காசு வேண்டாமா? அடுத்த ஆண்டே அவர் வேலை காலி.

கோபம் வந்த அதிகாரி என்ன செய்வார்? கமிட்டி போடுவார். போட்டார். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தார். ஐரோப்பியருக்கு ஒரு கட்டம், சீனர்களுக்கு ஒன்று, அராபியருக்கு ஒன்று, பூகிஸ் மக்களுக்கு ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்களுக்கு ஆற்றின் மேல்பக்கம் 'சூலியா கம்போங்' (கம்போங் என்றால் மலாயில் கிராமம்). சீனர்களுக்குள்ளேயே யார் எந்த மாகாணம் என்று பார்த்துப் பிரிக்கச் சொன்னாராம். அட, என்று வாயைப் பிளக்காதீர்கள். அக்ரஹாரத்தையும் சேரியையும் கண்டுபிடித்த நமக்கு இதெல்லாம் ஜுஜுபி!

அந்த மேப்பில் தெருக்கள் எல்லாம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். நிஜத்தில் பாதி இடம் சதுப்பு நிலம். மனை விற்கிறவர்கள் புரோஷரில் நீச்சல்குளம் போடுவதில்லையா, அதே ரகம்தான். விடுவாரா ராஃபிள்ஸ்? ஒரு சின்னக் குன்றையே வெட்டித் தென்கரைச் சதுப்பில் கொட்டச் செய்தார். குன்று இருந்த இடத்துக்கு இன்றைய பெயர்? ராஃபிள்ஸ் பிளேஸ்.

ஆனால் கட்டத்துக்குள் அடங்க ஆள் வேண்டுமே! அவருக்கு மலாய்க் கடிதங்கள் எழுதிக்கொடுத்த முன்ஷி அப்துல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோர் ஏமனிலிருந்து வந்த அராபியர்; கொள்ளுப்பாட்டி வழியில் நாகூர்த் தமிழ் ரத்தம்; பிறந்தது மலாக்கா; பட்டமோ நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. எந்தக் கம்போங்கில் வைப்பீர்கள்?

இப்போது மாரியாத்தாளிடம் வருவோம். 1819இல் ராஃபிள்ஸுடனேயே பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்டவர் நாராயண பிள்ளை. கோயிலுக்கு மனை கேட்டார். முதலில் கிடைத்தது தெலுக் ஆயர் பக்கம். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அடுத்தது ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே; அதற்குள் புது மேப் வந்து, 'இது உங்கள் ஏரியா இல்லை' என்றது. கடைசியாக 1823இல் கிடைத்ததோ சீனர்களுக்கென்று ஒதுக்கிய தென்கரையில்! 1827இல் மரமும் ஓலையுமாகக் கோயில் எழுந்தது. அதே சாலையில் தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசலும் நிற்கிறது. சைனாடவுனின் நடுவில் இன்று பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட். அந்த பகோடா வேறெதுவும் இல்லை, நம் கோபுரம்தான்.

சூலியா கம்போங் என்ன ஆயிற்று? நம்மாட்கள் படகும் காசும் புரளும் இடத்துக்கு நகர்ந்தார்கள். செட்டியார்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி (வட்டிக்கடை) போட்டார்கள். லிட்டில் இந்தியா? ஜாக்சனின் கட்டங்களில் அது கிடையவே கிடையாது. சிராங்கூன் ரோடு பக்கம் புல்லும் தண்ணீரும் இருந்தன. மாடு வந்தது, மாட்டுக்குப் பின்னால் ஆள் வந்தான், ஆளுக்குப் பின்னால் மளிகைக்கடை வந்தது. அங்கே கண்டாங் கெர்பாவ் என்று ஓர் இடம். மலாயில் எருமைத் தொழுவம். சர் பட்டம் பெற்றவரால் ஆகாத டவுன் பிளானிங்கை எருமை முடித்துவைத்தது.

1989இல் சிங்கப்பூர் அரசு அப்படியே தலைகீழாகத் திரும்பியது. எல்லோரும் கலந்துதான் வசிக்கவேண்டும் என்று வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு இனவாரி உச்சவரம்பு. ஒரு புளோக்கில் இந்தியரும் 'மற்றவர்களும்' சேர்ந்து 13 சதவீதம். 2010இல் அது 15 ஆனது. அங்கே குடியேறி வீடு வாங்கும் யோசனை இருந்தால், வாஸ்து பார்ப்பதற்கு முன் அந்த புளோக்கில் நமக்குக் கோட்டா பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.